சின்சில்லா ஜோடி ஒன்று கூண்டோடு வருகிறது, எடுக்கலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

ஏஜாக்ஸ்_அப்பா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது. இரண்டு வருடமாகச் செல்லப்பிராணி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாய்க்கு மனைவி சம்மதிக்கவில்லை, பூனை எனக்குச் சரிவராது, சிறுவயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, பூனை இருக்கும் வீட்டில் அரைமணி நேரம் இருந்தாலே நெஞ்சு இறுகிவிடும். இப்போது என்னோடு வேலை செய்யும் ஒருவர் வேறு மாகாணத்துக்கு மாறிப் போகிறார், தன்னிடம் இருக்கும் இரண்டு சின்சில்லாக்களைக் (மென்மையான அடர்ந்த முடியுள்ள, கொறிக்கும் சிறு பிராணி) கூண்டு, சக்கரம், சாமான் எல்லாவற்றோடும் தருகிறேன் என்கிறார். காசு வேண்டாமாம், நல்ல வீடு கிடைத்தால் போதுமாம். இரண்டும் ஆண், ஒரே ஈற்றுச் சகோதரங்கள், 4 வயது. படத்தைக் காட்டிய நாளிலிருந்து வீட்டில் வேறு கதையே இல்லை.

அவரிடம் கேட்டேன், "முயல் மாதிரித்தான், கரைச்சல் இல்லை" என்றார். ஆனால் கொடுக்க நினைப்பவர் அப்படித்தானே சொல்வார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மணக்குமா? இரவில் சத்தம் போடுமா? மகள் தூக்கி மடியில் வைத்து விளையாடலாமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் ஐந்து கிழமை ஊருக்குப் போவோம், அப்போது என்ன செய்வது? வீட்டில் அம்மாவும் இருக்கிறார், 76 வயது, குளிர் கொஞ்சமும் தாங்கமாட்டார், குளிர்காலம் முழுக்க வீட்டுச் சூட்டை 24-ல்தான் வைத்திருப்போம். பூனைக்கு வருவதுபோல இதற்கும் எனக்குத் தொய்வு வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெல்லைக்காரி பதில்:

வணக்கம்ங்க. மிசிசாகாவில் இருக்கேன், ஒன்பது வருஷமா சின்சில்லா வளர்க்கிறேன், இப்போ மூணு இருக்கு. நீங்க கடைசியில் எழுதின இரண்டு விஷயத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். 24 டிகிரி, அப்புறம் தொய்வு. மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்.

சின்சில்லா ஆண்டீஸ் மலைக்காரன். சிலி நாட்டின் வறண்ட மலைச்சரிவில், பாறை இடுக்கில் வாழ்கிற உயிர். நமக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு முடி இருக்கும், அதற்கு ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேல் முளைக்கும். தொட்டால் விரலில் எதுவும் பட்ட மாதிரியே இருக்காது, அவ்வளவு மென்மை. அந்தக் கம்பளியைக் கழற்றி வைக்க அதற்கு வழியில்லை, வியர்வையும் கிடையாது. 15-லிருந்து 20 டிகிரி வரை அதற்குச் சுகம். 25-ஐத் தாண்டினால் ஆபத்து, காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் அதற்கு முன்பே ஆபத்து. உங்க வீட்டு 24 அம்மாவுக்குச் சரி, இதுகளுக்கு விளிம்பு. குளிர்காலத்தில்கூட ஹீட்டர் ஓடுகிற மாடி அறையில் வைக்க முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூணாவது வருஷம், ஜூலை மாசம், சாயங்காலம் ஐந்து மணிக்கு கரண்ட் போச்சு. கூண்டு அப்போ மேல்மாடியில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்னு நினைச்சேன். ஏழரைக்குப் போய்ப் பார்த்தால் சுவரில் இருந்த வெப்பமானி 28 காட்டுது, எப்பவும் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிற என் பழுப்புப் பையன் கூண்டின் அடியில் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறான், காது இரண்டும் ரத்தம் ஏறிச் செக்கச் சிவந்து, தொட்டால் கொதிக்குது, மூச்சு வேகவேகமா. அவனைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன். சிமெண்ட் தரையில் படுக்க வைத்து, ஃப்ரீசரில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் வைத்து, காதை மட்டும் ஈர விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் முக்கக்கூடாது, அந்த முடி நனைந்தால் சீக்கிரத்தில் காயாது. ஒன்பது மணிக்குத்தான் தலையைத் தூக்கினான். மறுநாளே கூண்டைக் கீழே இறக்கினேன். இப்போ பேஸ்மென்ட்டில் தனி ஏசி, ஈரப்பதம் உறிஞ்சும் மெஷின், கூண்டுக்குள் இரண்டு கிரானைட் பலகை, ஃப்ரீசரில் எப்பவும் நாலு பாட்டில். வெயில் காலத்தில் நான் முதலில் பார்க்கிறது அந்த வெப்பமானியைத்தான், அப்புறம்தான் காபி.

அடுத்து தொய்வு. சின்சில்லாவின் முடி பூனை முடி மாதிரி எல்லோரையும் தொந்தரவு செய்யாது என்பது ஓரளவு உண்மைதான், ஆனால் உங்களுக்கு வினை அது குளிக்கிற தூசியில் இருக்கு. சின்சில்லா தண்ணீரில் குளிக்காது, அதற்கென்று விற்கிற மிக நைசான தூள், எரிமலைச் சாம்பல் மாதிரி, அதில் வாரம் இரண்டு மூன்று தடவை பத்து நிமிஷம் புரண்டு எழும். பார்க்க அவ்வளவு அழகு, பம்பரம் மாதிரி சுழலும். முடிந்ததும் அறை முழுக்கப் புகை மூட்டம். டிவி மேல், ஜன்னல் விளிம்பில், மூக்குக்குள் எல்லாம் அந்தத் தூள். தூசி பறக்குதேன்னு மணலை வாங்கி வைக்கவும் முடியாது, அது முடிக்குள் இறங்காது, எண்ணெய்ப் பிசுக்கு போகாது. தூளை நிறுத்தவும் முடியாது, முடி சடை பிடித்துத் தோல் கெட்டுவிடும். இதோடு உலர்புல் தூசியும் சேரும். தொய்வுக்காரர் இருக்கிற வீட்டில் இதை ரொம்ப யோசிக்கணும்ங்க.

மற்ற கேள்விகள். உடம்பு மணக்கவே மணக்காது. புழுக்கை கருப்பு அரிசி மாதிரி காய்ந்து கெட்டியா இருக்கும், நாற்றம் கிடையாது, ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று இருநூறுக்கும் மேல் போடும், கூண்டுக்கு வெளியிலும் சிதறும். தினமும் பெருக்கணும். சிறுநீர் மட்டும் ஒரே மூலையில் போகும், அங்கே ஒரு தட்டு வைத்துப் பழக்கினால் நாற்றம் இல்லை. இரவில் சத்தம் உண்டு. நாம தூங்குகிற நேரம்தான் அதற்குப் பகல், சக்கரத்தில் ஓடும், பலகைக்குப் பலகை தாவும், ஏதாவது பயந்தால் ராத்திரி மூணு மணிக்கு நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். மகள் படுக்கிற அறையில் வைக்க வேண்டாம்.

மடியில் வைத்து விளையாட... இதுதான் குழந்தைகளுக்கு ஏமாற்றமா இருக்கும். சின்சில்லா பிடித்து வைத்துக்கொள்கிற பிராணி இல்லை. எலும்பு ரொம்ப மெல்லிசு, அழுத்திப் பிடித்தால் விலா உடையும். பயத்தில் இருக்கும்போது முடியைப் பிடித்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும், காட்டில் நரி பிடித்தால் தப்பிக்கிற வழி அது, திரும்ப முளைக்க மாசக்கணக்காகும். நான் மூணு மாசம் தினமும் ராத்திரி தரையில் உட்கார்ந்து கையை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நாலாவது மாசம் ஒரு நாள் வந்து, குட்டிக் கையால் என் சுண்டுவிரலைப் பிடித்து, நகத்தை மெதுவாக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனான். தோளில் ஏற இன்னும் இரண்டு மாசம் ஆச்சு. உங்க பொண்ணுக்கு அந்தப் பொறுமை இருந்தால் அவளுக்கு இதைவிட நல்ல தோழன் கிடைக்காது.

---

ஹரோ_வடமராட்சி பதில்:

மேலே அக்கா எழுதியதில் ஒரு வரிகூட மிகை இல்லை. நான் லண்டனில் இரண்டு வளர்க்கிறேன், 12 வருடம் ஆகிறது. நான் சொல்ல வருவது வயதைப் பற்றி.

4 வயது என்றால் பாதி ஆயுள் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளெலி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும், இது நன்றாகப் பார்த்தால் 15 வருடம், 20 வருடம்கூட இருக்கும். கின்னஸில் பதிவான மிக வயதான சின்சில்லா 29 வருடத்தைத் தாண்டி வாழ்ந்தது. மகளுக்கு இப்போது 11. அவள் பல்கலைக்கழகம் போய், வேலைக்குப் போய், வேறு ஊரில் வீடெடுத்த பிறகும் இவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். இரவு பத்து மணிக்குப் புல் போடுவது நீங்களும் உங்கள் மனைவியுமாகத்தான் இருக்கும். அதனால் மகளுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைவிட உங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம்முடைய ஆட்கள் எல்லோரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது, அன்புக்கு எதையாவது தின்னக் கொடுப்பது. என் மாமியார் வந்து நின்ற மூன்று மாதமும் எனக்குத் தெரியாமல் முந்திரிவற்றலும் (உலர்திராட்சை) கச்சானும் (வேர்க்கடலை) கொடுத்திருக்கிறார், பாவம், பாசத்தில்தான். ஒன்று வயிறு ஊதி இரண்டு நாள் புழுக்கை போடவில்லை. இவைகளால் வாந்தி எடுக்க முடியாது, குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டியது டிமோதி என்ற புல்வகையின் உலர்புல், அது எப்போதும் எடுக்க எடுக்கக் குறையாமல் இருக்க வேண்டும். அதோடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீவனம்), சுத்தமான தண்ணீர். அவ்வளவுதான். ஆசைக்குக் காய்ந்த செம்பருத்திப் பூ ஒன்று, ஒரு சிட்டிகை ஓட்ஸ், அதுவும் எப்போதாவது. பழம், விதை, பருப்பு ஒன்றும் வேண்டாம்.

புல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல். முன்பல் கடைவாய்ப்பல் எல்லாம் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். முன்பல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும், மகள் பார்த்துவிட்டு அழுக்கு என்று நினைப்பாள், அதுதான் ஆரோக்கியமான நிறம், வெளுத்தால்தான் பயப்பட வேண்டும். வாயோரம் ஈரம், கண்ணில் நீர், விரும்பிய சாப்பாட்டை எடுத்துவிட்டுக் கீழே போடுவது, இதெல்லாம் கடைவாய்ப்பல் கோளாறு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் கிழமைக்கொரு தடவை குசினித் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நோயைக் கடைசிவரை மறைக்கும் பிராணி இது, எடை மட்டும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் வீட்டில் வைத்திருக்கும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை, 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 சின்சில்லாக்களின் வழி வந்தவை. மலையிலிருந்து ஒரேயடியாக இறக்கினால் செத்துவிடும் என்று படிப்படியாகப் பழக்கி இறக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்துக் கொண்டுவந்தார். செல்லமாக வளர்க்க இல்லை, தோலுக்காக. ஒரு நீளக் கோட்டுக்கு நூறு தோலுக்கு மேல் வேண்டும். வேட்டை அந்த அளவுக்குப் போனதால்தான் 1910-லேயே சிலி, பொலிவியா, பெரு, ஆர்ஜென்டினா நான்கும் சேர்ந்து தடை ஒப்பந்தம் போட்டன. அப்போதும் வேட்டை நிற்கவில்லை. இன்றைக்கும் காட்டில் சின்சில்லாவின் இரண்டு இனங்களும் அழியும் நிலையில்தான் இருக்கின்றன. சிலியில் இயாப்பெல் பக்கம் இவைகளுக்கென்றே 1983-ல் ஒரு தேசியக் காப்பகம் அமைத்தார்கள். இரவில் கூண்டுக்கு முன்னால் இருக்கும்போது இது எனக்கு அடிக்கடி நினைவு வரும். இவ்வளவு தப்பிப்பிழைத்து வந்த உயிர் என் வீட்டில் வெக்கையில் சாகக்கூடாது என்று.

சகோதரங்கள் என்பது நல்லது. சேர்ந்து வளர்ந்தவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் படுக்கும். பிரித்து எடுக்காதீர்கள்.

---

மொன்றியல்_மழை பதில்:

நீளமாக எழுத நேரமில்லை, ஒன்றை மட்டும் சொல்லவேண்டும் என்று வந்தேன். எடுப்பதற்கு முன்னால் சின்சில்லா தெரிந்த மிருக வைத்தியர் உங்கள் பக்கத்தில் யார் என்று தேடிப் பெயரை எழுதி வையுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லோரும் இதைப் பார்ப்பவர்கள் இல்லை.

எங்களுடைய பெண் சின்சில்லாவுக்குக் காலில் சின்னக் காயம். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம், வாயால் கொடுக்க அமொக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தந்தார்கள். எங்களுக்கும் தெரியாது, குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துதானே என்று கொடுத்தோம். அந்த வகை மருந்தை வாயால் கொடுத்தால் சின்சில்லாவின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், நச்சுக் கிருமி பெருகிவிடும். மூன்றாம் நாள் கழிச்சல், நாலாம் நாள் விடிய அவள் இல்லை. காயம் அப்போது ஆறியே இருந்தது. ஆறு வருடமாகிறது, இன்னும் அந்தச் சிரிஞ்சை நினைத்தால் மனது கனக்கும்.

எந்த மருந்து கொடுத்தாலும் "இது சின்சில்லாவுக்குச் சரியா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்றும் நினைவு வருகிறது, கம்பிச் சக்கரம் இருந்தால் எறிந்துவிடுங்கள், கால் இடையில் மாட்டி முறியும். தட்டையான உலோகச் சக்கரம், 15 அங்குலமாவது இருக்க வேண்டும். கூண்டில் பிளாஸ்டிக் தட்டு இருந்தாலும் மரமாக மாற்றுங்கள், கடித்து விழுங்கிவிடும்.

---

ஏஜாக்ஸ்_அப்பா பதில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பின் தெரியாத எனக்காக இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். மொன்றியல் நண்பருடையதை வாசிக்கும்போது மகள் அழுதுவிட்டாள்.

பேஸ்மென்ட்டில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 19 காட்டுகிறது, ஈரப்பதம் 58. அம்மா கீழே வருவதில்லை, அதனால் சூட்டுப் பிரச்சினை அங்கே வராது. ஊருக்குப் போகும்போது என் தம்பி வீட்டில் விடலாமா? அவர்கள் பிக்கரிங்கில் இருக்கிறார்கள், ஆனால் ஏசி கீழ்த்தட்டில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

தூசிதான் யோசிக்க வைக்கிறது.

---

நெல்லைக்காரி பதில்:

58 கொஞ்சம் அதிகம்ங்க, மெஷின் வைத்து 50-க்குக் கீழ் கொண்டுவாங்க, இல்லைன்னா அந்த அடர்த்தியான முடிக்குள் பூஞ்சை பிடிக்கும். தம்பி வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட தம்பியை உங்க பேஸ்மென்ட்டுக்கு வரச் சொல்லுங்க. தினமும் ஒரு தடவை வந்து புல், தண்ணீர் வைத்து, வெப்பமானியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும். ஜூலையில் காரில் ஏற்றி இறக்குவதே அதுகளுக்குக் கஷ்டம்.

எடுக்கிறதுக்கு முன்னால் ஒன்று செய்யுங்க. அந்த நண்பர் வீட்டுக்குப் பகலில் போகாதீங்க, அப்போ தூங்கிக்கொண்டு பொம்மை மாதிரி இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போங்க. தூசிக் குளியல் வைக்கச் சொல்லி, அதே அறையில் நீங்க அரைமணி நேரம் உட்காருங்க. தொய்வு பம்ப் (இன்ஹேலர்) கையில் இருக்கட்டும். உங்க நெஞ்சு என்ன சொல்லுதுன்னு அங்கேயே தெரிந்துவிடும்.

---

ஏஜாக்ஸ்_அப்பா பதில்:

நேற்று இரவு மூன்று பேரும் போய்வந்தோம்.

முதல் இருபது நிமிடம் எனக்கு ஒன்றும் இல்லை, உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டும் வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. மகள் சொன்னபடி தரையில் கையை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், ஒன்று வந்து அவளுடைய சட்டைக் கையின் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடியது. பிறகு நண்பர் தூள் கிண்ணத்தை வைத்தார். இரண்டும் மாறி மாறிப் புரண்டன. ஐந்து நிமிடம் ஆகவில்லை, எனக்கு இருமல் தொடங்கியது, பிறகு விசில் மாதிரி இழுக்கத் தொடங்கியது, பம்ப் இரண்டு தடவை அடித்து வெளியே படியில் வந்து இருந்தேன். இரவு முழுக்க நெஞ்சு சரியில்லை. கிழமைக்கு மூன்று தடவை, பதினைந்து வருடம், இது என்னால் முடியாது. கூண்டை வேறு அறையில் வைத்தாலும் வீட்டுக் காற்று ஒன்றுதானே சுற்றுகிறது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காரில் பேசாமல் வந்தேன். அவள்தான் சொன்னாள், "அப்பா, அதுகளுக்கு எங்கட வீடு சரிவராது, அப்பாவுக்கும் அதுகள் சரிவராது" என்று. வீட்டுக்கு வந்து தன் அறைக்குள் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

இனி அந்த இரண்டுக்கும் வீடு தேடவேண்டும். நண்பருக்கு இம்மாதக் கடைசிவரைதான் நேரம். அவரிடம் கேட்டு நேற்றே நிறுத்துப் பார்த்தோம், ஒன்று 540 கிராம், மற்றது 585. மகள் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள், எடுக்கிறவர்களிடம் கொடுக்க.

---

நெல்லைக்காரி பதில்:

உங்க பொண்ணு தங்கம்ங்க.

என்கிட்ட இருக்கிற மூணோட புதுசா இரண்டு ஆணைச் சேர்க்க முடியாது, சண்டை போட்டுக் காயமாகும், இல்லைன்னா நானே எடுத்திருப்பேன். ஆனா இந்தப் பக்கம் வளர்க்கிறவங்க நாலைந்து பேரை எனக்குத் தெரியும், இன்னிக்கே கேட்கிறேன். உங்க நண்பரிடம் மூணு விஷயம் சொல்லி வையுங்க. இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கணும், தனித்தனியா யார் கேட்டாலும் வேண்டாம். இப்போ தின்கிற அதே பெல்லட், அதே புல்லில் இரண்டு வாரத்துக்காவது கூட அனுப்பணும், சாப்பாடு சட்டென்று மாறினால் குடல் நின்றுவிடும். வண்டியில் ஏற்றுகிறது விடிகாலையில், ஏசி போட்ட பிறகு.

அந்தக் கொப்பியையும் மறக்காமல் கொடுக்கச் சொல்லுங்க.